தகுதியை யார் அளக்கிறார்கள்?

கேள்வி: வேலைக்கு ஆள் எடுக்கும்போது தகுதியை மட்டும் பார்த்தால் போதாதா? பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பல பின்னணியினர் என்று கணக்குப் பார்த்து எடுத்தால் தரம் குறைந்துவிடாதா?

பதில்: தகுதிக்குத்தான் முதலிடம். அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால், இன்றைக்கு எல்லா இடங்களிலும் தகுதியைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று நம்புகிறீர்களே, அதை எப்படி ஏற்பது?

பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வெளியான வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒரே தரம். பெயர்கள் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர்களுக்கு வந்த அழைப்புகள் கறுப்பினத்தவர் பெயர்களுக்கு வந்தவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம். 2004இல் வெளியான முடிவு இது. ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே தகுதி கழிந்துபோயிருக்கிறது. தரம் குறைவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதற்கல்லவா முதலில் கொதிக்க வேண்டும்?

பலதரப்பட்டவர்கள் இருந்தால் என்ன லாபம் என்று அடுத்துக் கேட்பீர்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை; கருநிறப் பெண்களிடமோ 34.7 சதவீதம் வரை போனது. விற்பனைக்கு வந்துவிட்ட மென்பொருள்கள் அவை! புவோலம்வினிக்கு இந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. மாணவியாக இருந்தபோது ஒரு கேமரா மென்பொருள் அவர் முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளை முகமூடி மாட்டியதும் உடனே கண்டுகொண்டது. கோளாறு யாரைத் தாக்குமோ அவர் குழுவில் இருந்தால், பொருள் கடைக்குப் போகும் முன்பே அது தெரிந்துவிடும். அவர் வாயைத் திறக்க முடிகிற இடமாகவும் அந்தக் குழு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழு புகைப்படம் அழகாக இருப்பதோடு சரி.

இப்படிப் பலரையும் சேர்ப்பதை எப்படிச் செய்வது? பாகுபாடு கூடாது என்று ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடத்திக் கையெழுத்து வாங்கினால் நடக்காது. 700க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் பல ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து சமூகவியலாளர்கள் கலேவ், டாபின், கெல்லி ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. பயிற்சியால் கிடைத்த பலன் மிகக் குறைவு. இன்னார் பொறுப்பு என்று ஆளையோ குழுவையோ நியமித்த இடங்களில்தான் உண்மையான மாற்றம் வந்தது. நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். தேர்வாளர்கள் கலந்து பேசும் முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிடட்டும். வேலைக்குச் சேர்ந்த பின், பெயர் வாங்கித் தரும் பெரிய பணிகள் யாருக்குப் போகின்றன என்று பாருங்கள். பதவி உயர்வு அங்கேதான் தீர்மானமாகிறது.

உங்கள் அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்த பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் யாரோ ஒருவருக்குத் தெரிந்தவர் என்பதால் வந்தவர்கள் அதில் எத்தனை பேர்? அதை எண்ணி எழுதுங்கள். தரத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.