எச்.ஐ.வி. இருப்பவர் இலங்கையில் மருத்துவக் காப்புறுதி எடுக்கலாமா? படிவத்தில் ‘நோய் எதுவும் இல்லை’ என்று போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா?

போடாதீர்கள். நானும் எச்.ஐ.வி.யோடு யாழ்ப்பாணத்தில் வாழ்கிற ஆள் என்பதால் உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் போடாதீர்கள்.

படிவத்தில் நாம் சொல்வதை நம்பித்தான் காப்புறுதிக் கொம்பனி பொலிசி எழுதுகிறது. முக்கியமான நோயை மறைத்தது பிறகு தெரியவந்தால் பொலிசியையே செல்லாது என்று தள்ள அவர்களால் முடியும். அப்போது எச்.ஐ.வி.க்குச் சம்பந்தமே இல்லாத பித்தப்பைக் கல் ஒப்பரேஷன் பில்லும் உங்கள் தலையில்தான் விழும். ஏஜென்ட் தன் கமிஷனை எடுத்திருப்பார், ஆனால் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

முதலில் மனம் ஆற ஒன்று சொல்கிறேன். எச்.ஐ.வி. சிகிச்சைக்கு இங்கே காப்புறுதியே தேவையில்லை. பெரியாஸ்பத்திரியின் பாலியல் நோய் கிளினிக்கில் குளிசையும், இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோட் சோதனையும், எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கும் சிடி4 சோதனையும் இலவசம். இந்த அரசாங்கத் திட்டத்தைக் குறைத்து நினைக்காதீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. குளிசையை ஒழுங்காகப் போட்டு வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் துணைக்கும் தொற்றாது. ஆகவே காசு கட்டி எடுக்கும் காப்புறுதி தனியார் ஆஸ்பத்திரி, விபத்து, டெங்கு, ஒப்பரேஷன் போன்ற மற்றச் செலவுகளுக்குத்தான்.

அதை எடுப்பது எப்படி? தனிநபர் பொலிசிகள் பலவற்றில், எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று சொல்லும் விலக்குகள் என்ற பகுதியில் எச்.ஐ.வி. என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கும். சில கொம்பனிகள் விண்ணப்பத்தையே மறுத்துவிடும். தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ‘பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே’ என்று கேட்கிறார்கள். அது இந்தியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே செல்லாது.

எங்களுக்குப் பெரும்பாலும் கை கொடுப்பது வேலைத்தலக் குழுக் காப்புறுதிதான். ஆட்களை மொத்தமாகச் சேர்ப்பதால் பல இடங்களில் ஒவ்வொருவரிடமும் மருத்துவச் சோதனை கேட்பதில்லை. அரசாங்க வேலை என்றால் அரச ஊழியர்களுக்கான ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. எதுவானாலும் விலக்குகள் பக்கத்தை வாங்கி, ஆறுதலாக வாசியுங்கள். கிளெயிம் படிவம் யார் யார் கையால் போகிறது என்றும் முதலே கேளுங்கள். நோய் விவரத்தை மூடிய உறையில் நேரே கொம்பனிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பதில் வெட்கமில்லை. இந்த ஊரில் கதை எப்படிப் பரவும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நோய் தெரியவருவதற்கு முன்பே, உண்மை சொல்லி எடுத்த ஆயுள் காப்புறுதி உங்களிடம் இருந்தால் அதைக் கண்ணைப் போலப் பாருங்கள். பிரீமியம் தவறி பொலிசி காலாவதியானால் மீண்டும் உயிர்ப்பிக்கப் புதிதாக உடல்நல வாக்குமூலம் கேட்பார்கள். கதவு அடைபடுவது அங்கேதான். காப்புத்தொகையைக் கூட்டினாலும் அப்படித்தான், அதனால் இருப்பதை இருக்கிறபடி விடுங்கள். பிரீமியம் வங்கியிலிருந்து தானாகக் கழிய ஏற்பாடு செய்யுங்கள். வருடாவருடம் புதுப்பிக்கும் மருத்துவக் காப்புறுதி வேறு மாதிரி. புதுப்பிக்கும்போது கேள்வி கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

கிளெயிமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். முதலில் கொம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு அங்கே வாதாடுவது கஷ்டம்.

ஏஜென்டிடம் இன்னும் கையெழுத்துக் கொடுக்கவில்லை என்றால் படிவத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள். கொடுத்தாயிற்றா? பொலிசி வருமுன்பே, திருத்த வேண்டும் என்று கொம்பனிக்குக் கடிதம் போட்டு ஒரு பிரதியை வைத்திருங்கள்.