ஐந்து சென்ட்டில் என்னென்ன அடங்கும்? சிறு நிலம் பற்றிய கேள்வி-பதில்

பத்திரத்தில் பரப்பு 0-02-50 என்று இருக்கிறது. இரண்டரை சென்ட் என்றே நினைத்திருந்தோம். நேரில் பார்த்தால் பெரிதாகத் தெரிகிறதே?

உங்கள் கண் சொல்வதுதான் சரி. அது ஹெக்டேர்-ஏர் கணக்கு. முதலில் இருப்பது ஹெக்டேர், நடுவில் ஏர், கடைசியில் ஏரில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். உங்களிடம் இருப்பது இரண்டரை ஏர், அதாவது 250 சதுர மீட்டர். சென்ட்டுக்கு மாற்றினால் 6.18. ஏரை 2.47 ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும். விற்பதற்கோ பாகம் பிரிப்பதற்கோ உட்காரும் முன் இந்த ஒரு பெருக்கலைத் தயவுசெய்து போட்டுப் பாருங்கள்.

பத்து சென்ட் என்றால் கண்ணால் எப்படி மதிப்பிடுவது?

பக்கத்துக்கு 66 அடி உள்ள ஒரு சதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 66 × 66 = 4,356 சதுர அடி. சரியாகப் பத்து சென்ட், ஒரு அடிகூடக் கூடாது குறையாது. இது தற்செயல் இல்லை. எட்மண்ட் குண்டர் 1620-ல் வகுத்த நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. வீட்டுத் தெருவில் 66 அடியை டேப்பால் அளந்து, இயல்பாக நடந்தால் உங்களுக்கு எத்தனை எட்டு வருகிறது என்று எண்ணி வையுங்கள். பிறகு எந்த நிலத்தில் நின்றாலும் அந்த எண்ணிக்கை கைகொடுக்கும்.

நான்கு பக்கமும் அளந்தோம்: 60, 50, 60, 50 அடி. பெருக்கினால் 3,000 சதுர அடி. நில அளவர் குறைத்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

அவர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான்கு பக்கங்களை மட்டும் வைத்துப் பரப்பைச் சொல்லவே முடியாது. நான்கு குச்சிகளை முனையில் ஆணி அடித்துச் சட்டம் போலச் செய்து, ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். பக்க நீளம் அப்படியேதான் இருக்கும், நடுவில் இருக்கும் இடம் ஒடுங்கிக்கொண்டே போகும். உங்கள் நிலமும் அப்படிச் சாய்ந்திருக்கலாம்.

விடுபட்டது குறுக்களவு. எதிரெதிர் மூலைகளை இணைத்து டேப் பிடியுங்கள். மூலைகள் நேராக இருந்தால் அது 78 அடிக்குச் சற்று மேல் வர வேண்டும். மாறாக 60 அடிதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நிலம் 50, 60, 60 அடிப் பக்கங்கள் கொண்ட இரண்டு முக்கோணங்கள். பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினால் 85. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 35, 25, 25. நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1,363 சொச்சம். இரண்டு முக்கோணத்துக்கும் சேர்த்து 2,727 சதுர அடி. நீங்கள் நினைத்ததைவிட அரை சென்ட்டுக்கு மேலேயே குறைகிறது. எதிர்ப்பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் வழக்கம் மிகப் பழையது. ஆனால் மூலை கோணலாக இருந்தால் அது எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வாங்குகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்து சென்ட்டில் இரண்டு மனை வந்திருக்கிறது. ஒன்று கிட்டத்தட்டச் சதுரம், இன்னொன்று 20 அடி அகலத்தில் நீளமானது. பரப்பு ஒன்றுதானே?

பரப்பு ஒன்றுதான், பயன் ஒன்றல்ல. சதுர மனை பக்கத்துக்கு 46 அடி 8 அங்குலம். சுற்றிலும் ஐந்தடி காலியிடம் விட்டால் கட்டுவதற்கு ஏறத்தாழ 1,344 சதுர அடி கிடைக்கும். நீள மனைக்கு 20 × 109 அடி. அதே ஐந்தடி விட்டால் மிஞ்சுவது பத்தடி அகலத்தில் ஒரு நடைகூடம், 989 சதுர அடி. அந்தப் பத்தடியிலும் இருபுறச் சுவர் ஒன்றரை அடியைத் தின்றுவிடும். எட்டரை அடி அகலத்தில் கட்டில் போட்டு, அடுத்த அறைக்குப் போக வழியும் விட்டுப் பாருங்கள், புரியும். இப்படி ஒரு மனையில் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிக் காட்டியபோது, வாங்க வந்தவர் இரண்டு கயிற்றுக்கும் நடுவில் நின்று கையை விரித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்தார். காகிதத்தில் இது தெரியாது. கயிறு கட்டுங்கள்.

சரிவான நிலத்தில் டேப் அளவும் பத்திர அளவும் ஒத்துவரவில்லை.

வராது. பத்திரப் பரப்பு கிடைமட்டமாகக் கணக்கிட்டது. 30 டிகிரிச் சரிவில் தரையோடு 100 அடி அளந்தால் கிடைமட்டத்தில் அது 86.6 அடிதான். டேப்பை மட்டமாகப் பிடித்து, முனையில் தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும்.

25 சென்ட்டில் எத்தனை தென்னை வைக்கலாம்?

மரத்துக்கு மரம் 25 அடி என்று வைத்தால், 10,890 சதுர அடியை 625 ஆல் வகுத்துப் பதினேழு என்பார்கள். சதுர நிலத்தில் வரிசைக்கு நான்காகப் பதினாறுதான் ஒழுங்காக அமையும். 40 அடி அகல நிலமாக இருந்தால், மட்டை பக்கத்து நிலத்தில் சாயாமல் ஒரே வரிசைதான், பத்துப் பதினொன்று.

இரண்டு சென்ட் துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது. காய்கறி போடலாமா?

தாராளமாக. பாத்தி நான்கடி அகலம் போதும், இருபுறமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும். நடைபாதைக்கு ஒன்றரை அடி. 871 சதுர அடியில் 630 அடி போல விளையும் மண்ணாக நிற்கும். விதை வாங்கும் முன் ஒரு நாள் காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் போய் நிழல் விழும் ஓரத்தைச் சுண்ணாம்பால் கோடிட்டு வையுங்கள். தண்ணீருக்கு: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 900 லிட்டருக்கு மேல் வழிந்தோடுகிறது. அதைப் பிடிக்கும் தொட்டிக்கு ஒரு மூலையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.