ஹூப்ஸ் டைனஸ்டியில் ஆள் எடுப்பது: பட்ஜெட் பற்றிய கேள்விகளும் பதில்களும்

வாட்இஃப்ஸ்போர்ட்ஸ் தளத்தில் ஆடும் ஹூப்ஸ் டைனஸ்டி பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஆள் எடுக்கும் பட்ஜெட் பற்றித்தான். அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு நீங்கள் கோச். ஆட்டத்தைக் கணினி ஆடி முடிவைச் சொல்லிவிடும். யாரை எடுப்பது, யாருக்கு என்ன பயிற்சி, எந்தத் தடுப்பாட்டம் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. கல்லூரிகள் மூன்று டிவிஷனாக, அதாவது மூன்று படிகளாகப் பிரிந்திருக்கும். எல்லாரும் கடைசிப் படியான மூன்றாம் டிவிஷனில் தொடங்கி, ஜெயித்து, மேலே போக வேண்டும். 2016இல் ஆள் எடுக்கும் முறையையே அடியோடு மாற்றினார்கள். அதற்கு முந்தைய குறிப்புகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு வந்து குழம்புகிறவர்கள் அதிகம்.

கேள்வி: ஸ்கௌட்டிங்குக்கு ஒரு தொகை, ரெக்ரூட்டிங்குக்கு ஒரு தொகை என்று தனித்தனியாகக் காட்டுகிறது. இதில் எது முக்கியம்?

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட மூன்றாவது ஒன்றுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்: அட்டென்ஷன் பாயின்ட், அதாவது எந்தப் பையன் மேல் எவ்வளவு கவனம் வைக்கிறீர்கள் என்பதற்கான புள்ளி.

ஸ்கௌட்டிங் தொகை பையன்களைக் கண்டுபிடித்து எடைபோட. ரெக்ரூட்டிங் தொகை அவர்கள் வீட்டுக்குப் போகவும், கல்லூரிக்கு வரவழைக்கவும். ஆள் எடுக்கும் பருவம் பல சுற்றுகளாக நடக்கும். இந்தப் பணத்தை ஒரு சுற்றில் செலவழிக்காவிட்டால் அடுத்த சுற்றில் செலவழிக்கலாம். அட்டென்ஷன் பாயின்ட் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று வரும், பயன்படுத்தாவிட்டால் அந்தச் சுற்றோடு போயிற்று. ஒரு பையனுக்குப் போதுமான பாயின்ட் போட்டால்தான் ஸ்காலர்ஷிப் கொடுக்கும் வசதியும், வீட்டுக்குப் போகும் வசதியும் திறக்கும். பெட்டி நிறையப் பணம் வைத்துக்கொண்டு, பாயின்ட் போடாததால் கதவு திறக்காமல் நிற்கிற கோச்சுகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆள் எடுக்கும் பருவம் திறந்த முதல் நாளே பாயின்டைப் பிரித்துப் போட்டுவிடுங்கள். யார் வேண்டும் என்று முழுதாக முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ஸ்கௌட்டிங் பணம் இரண்டே நாளில் தீர்ந்துவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: அனேகமாக எல்லா மாநிலத்தையும் வாங்கிப் பார்க்கிறீர்கள். பார்க்கிற பையன் எல்லாரையும் ஸ்கௌட்டிங்கின் கடைசிப் படியான நாலாவது மட்டம் வரை ஆராய்கிறீர்கள்.

நான் செய்வது இது. என் கல்லூரி இருக்கிற மாநிலம், அதை ஒட்டிய ஒன்றிரண்டு மாநிலம், அவ்வளவுதான் முதலில். அதில் கிடைக்கிற பட்டியலில் என் ஆட்டமுறைக்கு ஒத்துவராதவர்களை உடனே நீக்கிவிடுவேன். முதல் மட்டத்தில் ஒரு பையனின் திறமை மேலோட்டமாகத்தான் தெரியும். அதிலேயே அத்லெட்டிசமும் (உடல்திறன்) டிஃபென்ஸும் (தடுப்பாட்டம்) அடிமட்டத்தில் இருந்தால் அவன் மேல் இன்னொரு டாலர் போட மாட்டேன். மீதி இருப்பவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் நாலாவது மட்டம் வரை கொண்டுபோவேன். எந்தத் திறமையில் எவ்வளவு வளர இடம் இருக்கிறது என்பது அங்கேதான் தெளிவாகிறது.

போன பருவத்தில் நான் எடுத்த ஒரு பாயின்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பையனை, சொல்கிறேன். அவன் திறமை எண்களைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பால் ஹேண்ட்லிங் (பந்தைக் கையாள்வது) சுமார், பாஸிங் அதைவிடச் சுமார். ஆனால் இரண்டிலும் வளர்ச்சி வாய்ப்பு உச்சத்தில். வொர்க் எதிக்கும் (உழைக்கும் குணம்) நன்றாக இருந்தது. வொர்க் எதிக் நன்றாக உள்ளவன் வேகமாக வளர்வான். குறைந்தவனிடம் வளர இடம் இருந்தாலும் நாலு வருடத்தில் அங்கே போய்ச் சேர மாட்டான். இவனுக்குப் போட்டிக்கு ஒருவரும் வரவில்லை. இரண்டே ஹோம் விசிட்டில் வந்துவிட்டான். இப்படி ஒருவனைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஸ்கௌட்டிங் பணம்.

கேள்வி: ஹோம் விசிட், கேம்பஸ் விசிட் செலவு ஆளுக்கு ஆள் மாறுகிறதே, ஏன்?

பதில்: தூரம். கணக்குக்காக நானே எண் போடுகிறேன். பக்கத்து ஊர்ப் பையனுக்கு ஒரு ஹோம் விசிட் 100 டாலர், நாட்டின் மறுகோடியில் இருப்பவனுக்கு 400 டாலர் என்று வையுங்கள். ஒருவனுக்கு அதிகபட்சம் 20 ஹோம் விசிட், ஒரு கேம்பஸ் விசிட் போகலாம். 20 முறை போனால் முதலாமவனுக்கு 2,000, இரண்டாமவனுக்கு 8,000. அவன் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி அதே 20 விசிட்டை உங்கள் செலவில் கால் பங்கில் முடித்துவிட்டு, மிச்சப் பணத்தோடு அடுத்தவனைத் தேடிப் போகும்.

இதனால்தான் எந்தக் கல்லூரியை எடுப்பது என்பதே முதல் பட்ஜெட் முடிவு என்கிறேன். விளையாட்டில் இருப்பவை நிஜக் கல்லூரிகள். பென்சில்வேனியா, நியூயார்க், மாசசூசெட்ஸ் பக்கம் மூன்றாம் டிவிஷன் கல்லூரிகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பையன்களும் நிறைய, போட்டியும் நிறைய. ஆள் நடமாட்டம் குறைந்த மாநிலத்தில் எடுத்தால் போட்டி குறையும், ஆனால் பையனைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது: சுற்றிலும் உள்ள கல்லூரிகளில் எத்தனைக்கு மனித கோச் இருக்கிறார், எத்தனை கணினி நடத்துகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். கணினி நடத்தும் அணிகள் சூழ்ந்த இடம் சொர்க்கம்.

கேள்வி: நட்சத்திர ஆட்டக்காரன் ஒருவனுக்காக எல்லாவற்றையும் கொட்டலாமா?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

பழைய முறையில் அதிகம் செலவழித்தவருக்கே பையன் என்று பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். இப்போது அப்படி இல்லை. பையனுக்கு உங்கள் மேல் உள்ள ஆர்வம் ‘வெரி ஹை’ அல்லது ‘ஹை’ மட்டத்தில் இருக்க வேண்டும். அந்த மட்டத்தில் உள்ள அணிகளுக்குள் சீட்டுக் குலுக்குவது மாதிரிதான். அதிக உழைப்புப் போட்டவருக்கு அதிக வாய்ப்பு, ஆனால் உறுதி கிடையாது.

ஒரு இரவு எனக்கு நடந்தது இன்னும் மனதில் இருக்கிறது. ஏழடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு சென்டர், கூடைக்கு அடியில் ஆடும் உயரமான ஆள். ரீபவுண்டிங் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), பிளாக்கிங் (எதிரி எறியும் பந்தைத் தடுப்பது) இரண்டும் அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் இல்லாத அளவு. 20 ஹோம் விசிட், கேம்பஸ் விசிட், முதல் ஐவரில் இடம், 25 நிமிட ஆட்டம் என்று எல்லாம் கொடுத்தேன். கடைசிச் சுற்று முடிந்து பக்கத்தைத் திறந்தால், எனக்கு 60 விழுக்காடு வாய்ப்பு, எதிரிக்கு 40. பையன் எதிரிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தான். அவன் போனதை விட அதிகம் வலித்தது, மற்ற நாலு இடத்துக்கும் என்னிடம் பணம் இல்லாமல் போனது. அந்தப் பருவம் முழுக்க அதன் பலனை அனுபவித்தேன்.

அதற்குப் பிறகு என் கணக்கு மாறியது. 60 விழுக்காடு வாய்ப்புள்ள இரண்டு சண்டையில் இறங்கினால் இரண்டையும் ஜெயிக்க 36 விழுக்காடு, ஒன்றாவது ஜெயிக்க 84 விழுக்காடு, இரண்டையும் இழக்க 16 விழுக்காடு. ஆறு இடம் காலியாக உள்ள வருடத்தில் இப்படி இரண்டு சண்டை தாங்கும். மூன்று இடம் காலியான வருடத்தில் ஒன்றுகூட எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

சண்டையில் இறங்குமுன் பையனின் விருப்பங்களைப் படியுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க ஆசையா, ஜெயிக்கிற அணியா, நீண்டநாள் ஒரே இடத்தில் இருக்கிற கோச் வேண்டுமா, உடனே ஆட வேண்டுமா என்று ஒவ்வொன்றும் இருக்கும். உங்களுக்கு ‘வெரி குட்’ என்று நாலைந்து வந்தால், உங்களைவிடப் பெரிய பேருள்ள அணியோடும் மோதலாம். பாதிக்கு மேல் ‘பேட்’ என்றால் எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு டாலரும் ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீர்.

கேள்வி: விசிட்டை எல்லாம் முதலிலேயே கொட்டுவதா, கடைசிவரை வைத்திருப்பதா?

பதில்: பையன் எப்போது கையெழுத்துப் போடும் குணம் உள்ளவன் என்று அவன் பக்கத்திலேயே இருக்கும். சீக்கிரம் முடிவெடுப்பவன் என்றால் முதலிலேயே கொட்டுங்கள். கடைசிவரை இழுப்பவன் என்றால், பாயின்ட் மட்டும் விடாமல் போட்டு, ஸ்காலர்ஷிப் கொடுத்துவிட்டு, பணத்தைக் கையில் வையுங்கள். எதிரி எவ்வளவு தூரம் வருகிறார் என்று பார்த்துக்கொண்டு இறங்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: தாமதிக்கிற நீங்கள் ‘ஹை’க்குக் கீழே உள்ள ‘மாடரேட்’ மட்டத்திலேயே தேங்கிவிட்டால், சீட்டுக் குலுக்கும்போது உங்கள் பெயரே இருக்காது.

கேள்வி: முதல் ஐவரில் இடம், நிமிடம் என்று வாக்குக் கொடுப்பது செலவில்லாதது தானே? எல்லாருக்கும் கொடுத்தால் என்ன?

பதில்: பணச் செலவு இல்லை, அவ்வளவுதான். முதல் வருடப் பையன் மூன்று பேரை ஐவரில் இறக்குவதாகச் சொன்னால், நாலு வருடம் வளர்த்த சீனியரை (கடைசி வருட மாணவனை) உட்கார வைக்க வேண்டும். வாக்கை மீறினால் பையன் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம், அப்போது அவனுக்குச் செய்த மொத்தச் செலவும் வீண். ஒரு வருடத்துக்கு ஒருவருக்கு, அதுவும் நிஜமாகவே ஆடத் தகுதி உள்ளவனுக்கு மட்டும் கொடுங்கள்.

கேள்வி: எல்லா வருடமும் மூன்று மூன்று பேராக எடுப்பது நல்லதா?

பதில்: அணியில் 12 பேர், நாலு வருடம். மூன்று மூன்றாகப் பிரித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பணமும் பாயின்டும் காலி இடத்தைப் பொறுத்து வருகின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். மூன்று இடம் காலி என்றால், அந்த வருடம் ஐந்தாறு இடம் காலியாக உள்ள பக்கத்துக் கல்லூரியோடு நேருக்கு நேர் மோத முடியாது.

எனக்குப் பிடித்தது ஐந்து, நாலு, இரண்டு, ஒன்று மாதிரி ஏற்றத்தாழ்வான வரிசை. ஐந்து காலியான வருடத்தில் ஒரு பெரிய ஆளுக்குச் சண்டை, ஒருவன் நடுத்தரம், மற்ற மூவர் யாரும் கேட்காத, வளர இடமுள்ள பையன்கள். இந்த ஐவரும் சீனியராகும் வருடம்தான் நான் கோப்பைக்கு ஆடும் வருடம். ஒன்றிரண்டு இடம் மட்டும் காலியான வருடங்களில் பெரிய போட்டி எதிலும் தலையிடவே மாட்டேன்.

கேள்வி: இடம் நிரம்பாவிட்டால் வாக்-ஆன், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேரும் ஆள், வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. அந்த ஸ்காலர்ஷிப் அடுத்த வருடமும் காலி இடமாகவே நிற்கும், அதற்கான பணமும் பாயின்டும் வரும். மேன்-டு-மேன் (ஆளுக்கு ஆள் தடுப்பது), ஜோன் (இடம் பிரித்துத் தடுப்பது) ஆடுகிறவர்கள் எட்டு ஒன்பது பேரை வைத்து ஓட்டிவிடலாம். மைதானம் முழுக்க எதிரியை நெருக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ் ஆடினால் பையன்கள் சீக்கிரம் களைப்பார்கள், அங்கே ஒரு வாக்-ஆனே அதிகம்.

கேள்வி: முதல் டிவிஷனுக்கு வந்தபின், என் நல்ல ஜூனியர்கள் (மூன்றாம் வருட மாணவர்கள்) திடீரென்று என்பிஏ டிராஃப்டுக்கு, அதாவது தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் தேர்வுக்கு, போய்விடுகிறார்கள். பட்ஜெட் போட்டு என்ன பயன்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, மேல்மட்ட அணிகளை வாட்டுகிற பெரிய குறை இதுதான். ஆள் எடுப்பது இரண்டு கட்டம். முதல் கட்டம் பருவத்தின் நடுவிலேயே நடக்கிறது. டிராஃப்டுக்கு யார் போகிறான் என்பது பருவம் முடிந்தபின் தெரியும். அவன் இடத்துக்கான பணம் அப்போதுதான் வருகிறது, ஆனால் அதற்குள் எடுக்கத் தகுந்த பையன்கள் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று.

முன்கூட்டியே செய்ய முடிந்தது ஒன்று உண்டு. போய்விடுவான் என்று தோன்றுகிற ஆட்டக்காரன் உங்களிடம் இருந்தால், அவன் இடத்தில் ஆடக்கூடிய, கடைசியில் முடிவெடுக்கும் குணமுள்ள இரண்டு பையன்களுக்கு முதல் கட்டத்திலேயே கொஞ்சம் பாயின்ட் போட்டு வையுங்கள். பணம் வந்ததும் கதவு திறந்திருக்கும். இல்லையென்றால் இரண்டாம் கட்டம் திறந்த பிறகு பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: நிஜக் கல்லூரி கூடைப்பந்திலும் இப்படித்தானா?

பதில்: அடிப்படை ஒன்று, விவரம் வேறு. விளையாட்டில் மூன்று டிவிஷனுக்கும் 12 ஸ்காலர்ஷிப். நிஜத்தில் ஆண்கள் அணிக்கு முதல் டிவிஷனில் வெகுகாலம் 13, இரண்டாவதில் 10 பேருக்கு இணையான தொகை, மூன்றாவதில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. 2025 ஜூனில், ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், அதில் சேர்ந்த முதல் டிவிஷன் கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு 15 பேர் என்ற வரம்பு வந்தது. கல்லூரியே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றும் ஆனது. 2018 அக்டோபரில் வந்த, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும், 2021 ஜூலையில் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கக் கிடைத்த அனுமதியும் சேர்ந்து, பள்ளிப் பையனைத் தேடிப் போய் நாலு வருடம் வளர்க்கிற பழைய வழக்கத்தை வெகுவாகக் குறைத்துவிட்டன. அந்த வழக்கம் இந்த விளையாட்டில் உயிரோடு இருப்பதுதான் என்னை இங்கேயே பிடித்து வைத்திருக்கிறது.

கேள்வி: விளையாட்டு பல தனித்தனி ‘உலகங்களாக’ நடக்கிறது. அவற்றுக்கு நைஸ்மித், வுடன், ரப் என்றெல்லாம் பெயர். யார் இவர்கள்?

பதில்: 1891இல் கூடைப்பந்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித். யூசிஎல்ஏ அணிக்கு 10 தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர் ஜான் வுடன். கென்டக்கியின் கோச் அடால்ஃப் ரப். மற்ற உலகங்களின் பெயர்களும் இப்படிப் பெரிய கோச்சுகளுடையவைதான்.

கேள்வி: கடைசிச் சுற்றுக்கு இன்னும் சில மணி நேரம். இரண்டு சண்டையில் தோற்றுவிட்டேன். இரண்டு இடம் காலி, கையில் பணம் மிச்சம். இப்போது என்ன செய்வது?

பதில்: பதறி, கண்ணில் பட்டவனை எடுக்காதீர்கள். ஒரு மோசமான பையன் நாலு வருடத்துக்கு உங்கள் இடத்தை அடைத்துக்கொள்வான். யாரும் கேட்காமல் மிஞ்சியிருக்கிற பையன்களை மட்டும் பட்டியலில் வடிகட்டுங்கள். மேல் டிவிஷன் அணிகள் விட்டுவிட்டுப் போனவர்களும் அதில் இருப்பார்கள். ஒருவனாவது உங்கள் ஆட்டமுறைக்கு ஒத்துவந்தால், மொத்தப் பாயின்டையும் அவன் மேல் போடுங்கள். கதவு திறந்தால் உடனே ஸ்காலர்ஷிப், கேம்பஸ் விசிட், மிச்சப் பணத்துக்கு ஹோம் விசிட். இன்னொரு இடத்தை வாக்-ஆனுக்கு விட்டுவிட்டு, அடுத்த வருடம் எத்தனை காலி என்று இப்போதே எண்ணி வையுங்கள்.