கூலிங்ல இருக்குற அப்பாவோட இ.இ.ஜி.ல "அலை ரொம்ப கம்மி"ங்கறாங்க, நம்பிக்கைய விட்டுடலாமா?

ஹார்ட் நின்னு திரும்ப ஓட ஆரம்பிச்சு இன்னும் ரெண்டு நாள் கூட ஆயிருக்காதுன்னு நினைக்கிறேன், இல்லன்னா கூலிங்லயே (மூளையக் காப்பாத்த உடம்பு சூட்ட இறக்கி வைக்கிறது) இருக்க மாட்டார். அப்ப இன்னைக்கே விடாதீங்க. நான் டாக்டர் இல்ல, தலையில ஒயர் ஒட்டி மூளையோட மின் அலைய பதிவு பண்ற இ.இ.ஜி. டெக்னீஷியன், பதினோரு வருஷமா இதான் பொழப்பு.

33 டிகிரிக்கு இறக்குனா உடம்பு நடுங்கும், அதுக்கு செடேஷன் (மயக்கத்துல வைக்கிற மருந்து), அதுலயும் நிக்கலன்னா தசையையே முடக்குற மருந்து. உடம்பு குளிர்ந்து கெடக்கறப்ப மருந்து சீக்கிரம் வெளியேறாது, அந்த செடேஷன் மருந்தே அலைய அமுக்கும். அதுக்காக கம்மியா இருந்தா பரவால்லன்னு சொல்லல, ஒரு நாள் தாண்டியும் சுத்தமா தட்டையா இருந்தா நல்ல அறிகுறி இல்லதான், ஆனா அத மட்டும் வச்சு முடிவு சொல்ல மாட்டாங்க. குறைஞ்சது 72 மணி நேரம் பொறுத்து, கண் பாப்பா, ஸ்கேன், நரம்பு டெஸ்ட், ரத்த டெஸ்ட்னு சேத்துதான் பாக்கணும்.

ஒரு ராத்திரி இப்படி ஒருத்தருக்கு 21 எலக்ட்ரோடும் ஒட்டிட்டு பக்கத்துலயே இருந்தேன். மனுஷன் கல்லு மாதிரி கெடக்காரு, வெளிய வீட்டுக்காரங்க நல்லா தூங்குறார்னு நிம்மதியா இருக்காங்க. ரெண்டு மணி வாக்குல வலது பக்கம் கூர் கூரா ஒரு அலை, ஒரே தாளத்துல, கொஞ்ச கொஞ்சமா பெருசாகி இந்தப் பக்கமும் பரவுது. விரல் கூட அசையல. டியூட்டி டாக்டர் வந்து ஆளப் பாத்துட்டு "அமைதியாதான இருக்காரு, மெஷின் இரைச்சலா இருக்கும்"னுட்டார். தப்பு சொல்லல, ஐ.சி.யூ.ல பம்பு, கட்டில் மோட்டார் எல்லாமே அலையா வந்து நிக்கும். நர்ஸ் சிஸ்டர்கிட்ட கெஞ்சி கூலிங் பம்ப ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். அலை நிக்கல, அப்ப அந்த பம்பு இல்ல. அப்புறம்தான் நியூராலஜிஸ்டுக்கு போன் போச்சு, ஃபிட்ஸ் மருந்து போட்டாங்க, இருபது நிமிஷத்துல அடங்குச்சு. தசைய முடக்கி வச்சிருக்கறப்ப ஃபிட்ஸ் வெளிய தெரியாது, ஸ்கிரீன்ல மட்டும்தான் தெரியும், மானிட்டர் வைக்கிறதே அதுக்குத்தான் முக்கியமா. திரும்ப சூடேத்துறப்பவும் வரலாம், அதனால கூலிங் முடிஞ்சவுடனே கழட்டிடாதீங்கன்னு நான் எப்பவும் சொல்லுவேன்.

கூலிங்கே பழைய கதைன்னு கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு: தெரியும் சார். 2002ல வந்த ரெண்டு ஆய்வ வச்சு எல்லாரும் 32-34க்கு இறக்குனாங்க, 2013ல 33ம் 36ம் ஒண்ணுதான்னு ஆச்சு, 2021ல காய்ச்சல் வராம பாத்துக்கிட்டா போதும்ங்கற மாதிரி வந்துச்சு. கேட்டவரோட அப்பா இப்ப கூலிங்லதான் இருக்காரு, நான் அவருக்குத்தான் எழுதுறேன்.

இன்னொண்ணு, சம்பந்தமில்லாம இருந்தாலும் சொல்லிடறேன். ஒயர் ஒட்டப் போனா ஷாக் குடுக்கறோம்னு நினைச்சு சண்டைக்கு வராங்க. அதுல கரண்ட் உள்ள போகாதுங்க, தலையில இருந்து வர்றத பதிவு பண்றது, அவ்ளோதான்.

அந்த மனுஷன் கண்ணு முழிச்சாரான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மூணு நாள் கழிச்சு போனப்ப அந்த பெட்ல வேற ஆள், ஒயர் ஒட்டுறவன்கிட்ட யாரு வந்து சொல்லுவா. நீங்க நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டே ரெண்டு கேளுங்க: செடேஷன் எப்ப நிறுத்துனீங்க, நிறுத்துனப்புறம் இ.இ.ஜி. திரும்ப பாத்தீங்களா.