கழுத்தில் கட்டி, மார்பில் நிழல்: எந்த ஸ்கான் முதலில்?

கழுத்தில் நெறி கட்டி மூன்று கிழமையாகிறது, வலியில்லை. நேரே சீ.டி. எடுக்கலாமா? (கிண்ணியா)

அவசரமில்லை, முதலில் அல்ட்ராசவுண்ட். தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் நெறியை அது மிகத் தெளிவாகக் காட்டும், கதிர்வீச்சும் கிடையாது. அறிக்கையில் நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், குறுக்களவைப் பாருங்கள். அவரை விதைபோல் நீண்டு, நடுவில் கொழுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் சாதாரண நெறிதான். உருண்டு, அந்த வெள்ளை மறைந்து, குறுக்கே 10 மி.மீ. தாண்டியிருந்தால் ஊசியால் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டிவரும். நம் பக்கத்தில் காசத்தையும் மறக்கக்கூடாது.

லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) சந்தேகம் என்றால், சில கலங்களை மட்டும் உறிஞ்சும் மெல்லூசி போதாது. தடித்த ஊசியால் துண்டெடுக்க வேண்டும், அல்லது நெறியை முழுதாக அகற்ற வேண்டும். எடுத்ததை எல்லாம் ஃபோர்மலினில் (பதப்படுத்தும் திரவம்) போட்டால் காசக் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதி சேலைனில் போகட்டும். அதற்கு முன் யாரோ தந்த ஸ்டீரொயிட் குளிசையைப் போட்டுவிடாதீர்கள். கட்டி சுருங்கும், நோயின் பெயர் தெரியாமலே போய்விடலாம்.

இறால், நண்டு எனக்கு ஒத்துவராது. சீ.டி.க்குச் சாயமருந்து ஏற்றலாமா? (மூதூர்)

ஏற்றலாம். இறாலில் ஒத்துக்கொள்ளாதது அதன் புரதம், சாயமருந்தில் இருக்கும் அயடீன் அல்ல. இந்தக் கேள்வி கடற்கரை ஊர்களில் ஓயாது! சொல்ல வேண்டியவை வேறு: முன்பு இதே மருந்துக்குத் தடித்ததா, ஆஸ்துமா உண்டா, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் குருதி அளவு) எவ்வளவு. சிறுநீரகம் நன்றாகப் பழுதுபட்டவர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஈ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழ்) நீரிழிவுக் குளிசையான மெட்போமினை அன்று நிறுத்தி, 48 மணிநேரத்தின் பின் குருதி பார்த்தே தொடங்கலாம். தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் சிகிச்சை வர இருந்தால் மட்டும் முன்பே சொல்லுங்கள். சாயமருந்து அதை 6 முதல் 8 கிழமை தள்ளிப்போடும்.

மகனுக்கு 24 வயது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுப்பகுதி அகலம் என்கிறார்கள். (நிலாவெளி)

படுத்தபடி எடுத்ததா? அப்படியானால் நிழல் பெருத்துத்தான் விழும். நின்று, மூச்சை நிறைய இழுத்துப் பிடித்து மறுபடி எடுக்கட்டும். அப்போதும் அகலமென்றால் சாயமருந்துடன் சீ.டி. நெஞ்சு நடுப்பகுதியின் முன்புறத்தில் கட்டியென்றால் இந்த வயதில் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற குருதிப் பரிசோதனைகள் இரண்டும் கட்டாயம். கண்ணிமை தொங்கினால் அதையும் சொல்லுங்கள், தைமஸ் (நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள சுரப்பி) கட்டியோடு தசைப் பலவீனமும் வரலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? ஸ்கான் மேசையில் ஏறுமுன் சொல்லிவிட வேண்டும். பெரிய கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கும்.

தாடைக்குக் கீழே துடிக்கும் கட்டி. ஊசி குத்தலாமா? (தம்பலகாமம்)

கூடாது. டொப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) பார்த்து, இரத்தக்குழாயில் உள்ளதல்ல என்று உறுதியான பிறகே ஊசி.