எக்ஸ்ரே நார்மல் என்றால் நுரையீரலும் நார்மலா?

எலும்பு மஜ்ஜை மாற்று முடிந்து ஏழு மாதமான மகளுக்கு வறட்டு இருமல், காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே நார்மல், இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேறொருவர் மஜ்ஜை ஏற்றிய குழந்தை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயோடு நின்றுவிடாதீர்கள். நாங்கள் நின்றோம், இரண்டு மாதம் வீணானது.

என் மகனுக்குத் தலசீமியா, பிறவியிலேயே வரும் ரத்த நோய். 9 வயதில் அக்காவின் மஜ்ஜை ஏற்றினார்கள். பத்தாவது மாதம் இருமல் வந்தது. பக்கத்து கிளினிக்கில் இரண்டு எக்ஸ்ரே, மூன்று பாட்டில் சிரப், 'வீசிங்தான்' என்று நெபுலைசர். எங்கள் வீடு மூன்றாம் மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவில் இருக்கும் பெயர்ப் பலகையைப் படிப்பான். வேடிக்கை பார்க்கிறான் என்று நினைத்து, "சீக்கிரம் வாடா" என்று அதட்டியிருக்கிறேன். மூச்சு வாங்குவது எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் பிள்ளை நின்றிருக்கிறான். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

மாற்று செய்த இடத்துக்குப் போனதும் முதலில் ஊதும் டெஸ்ட்தான் எடுத்தார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, "ஊது, ஊது, விடாதே" என்று டெஸ்ட் எடுக்கும் பெண் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தார். முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்று, அவன் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் மாற்றுக்கு முன் 91 சதவீதம், அன்று 56. இன்ஹேலர் கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். எண் அசையவில்லை, ஆகவே சாதாரண ஆஸ்துமா இல்லை. அப்புறம் சி.டி. ஸ்கேன். மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்று, முழுதாக விட்டு ஒன்று. விட்ட பிறகு எடுத்த படத்தில்தான் காற்று வெளியேறாமல் சிக்கிய இடங்கள் திட்டுத்திட்டாகக் கறுப்பாகத் தெரிந்தன. கிருமி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று மயக்கம் கொடுத்து நுரையீரலுக்குள் நீர் விட்டு எடுத்துச் சோதித்தார்கள். இல்லை. பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டெரன்ஸ் என்றார்கள். அக்காவின் மஜ்ஜையிலிருந்து வந்த நோய் எதிர்ப்புச் செல்கள் தம்பியின் சின்னச் சின்ன மூச்சுக்குழாய்களைத் தாக்கித் தழும்பாக்கிவிடுகின்றன. தழும்பானது திரும்பாது, மேலும் இறங்காமல் தடுக்கப் பார்க்கலாம். இரண்டு வருடமாக 59இல் நிற்கிறான்.

'நெட்டில் படித்துவிட்டு டாக்டருக்குப் பாடம் எடுக்கிறாயா' என்று யாராவது கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை, மருந்து பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லா இருமலும் இதுதான் என்றும் சொல்லவில்லை. ஐந்தாறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் சரியாக ஊத வராது, அவர்களுக்கு வழி வேறு என்பதும் தெரியும். காய்ச்சல் வந்தாலோ ஆக்சிமீட்டரில் எண் இறங்கினாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குத் திரும்பியபோது இருமுகிறான், மாஸ்க் போடுகிறான் என்று சில பெற்றோர் புகார் செய்து அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார்கள். இந்த நோய் அவனிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. மற்ற பிள்ளைகளின் சளி அவனுக்கு ஒட்டக் கூடாது என்றுதான் அந்த மாஸ்க். இதை எத்தனை முறை சொல்வது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றுக்கு முன் உங்கள் மகள் ஊதிய ரிப்போர்ட் ஃபைலில் இருக்கும், இன்று ராத்திரியே தேடி எடுங்கள். இன்றைய எண்ணை அதோடு ஒப்பிட்டால்தான் இறங்கியிருப்பது தெரியும்.