யாருக்காக இந்த நடிப்பு?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து எட்டு மாதமாகிறது. இப்போது ஹார்மோன் மாத்திரை மட்டும். எவ்வளவு தூங்கினாலும் அசதி போகவில்லை. கல்லூரி போகும் மகனின் துணிகளை மடிப்பதற்குள் துவண்டுவிடுகிறேன். கணவரின் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் சட்டென்று எழுந்துவிடுவேன். நான் சோம்பேறியாகிவிட்டேனா?

பதில்: சோம்பேறி எதற்கு வண்டிச் சத்தத்துக்கு எழுந்திருக்கப்போகிறாள்? போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. அவர் உள்ளே வரும்போது கையில் துணியோடு நிற்கிறீர்கள். குணமாகிவிட்டாள் என்றுதானே அவர் நினைப்பார்? டாக்டரிடமும் இதே நாடகத்தைத்தான் ஆடியிருப்பீர்கள்.

இது தூங்கி எழுந்தால் தீரும் களைப்பு அல்ல. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, கீமோவால் முன்கூட்டியே நின்ற மாதவிடாய், இரவில் வியர்த்துக் கெடும் தூக்கம், மனச்சோர்வு, அந்த ஹார்மோன் மாத்திரை என எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. வாயைத் திறந்து சொன்னால்தானே!

'யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது' என்பீர்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது மற்றவர்களின் கடமை. நீங்கள் மறைத்து மறைத்து அவர்களுக்கு அது மறந்தே போய்விட்டது. இன்று முதல் மகன் தன் துணியைத் தானே துவைத்து மடிக்கட்டும். கல்லூரிக்குப் போகிறவனுக்கு அதுகூட வராதா?

படுத்தே கிடக்கவும் சொல்லவில்லை. உடல் இன்னும் தளர்ந்துவிடும். இந்த அசதிக்கு நடை நன்றாகவே உதவுகிறது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு 10 நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டலாம். பகல் தூக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம். கொஞ்சம் தெம்பாக இருக்கிற நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் சுருண்டு விழாதீர்கள்.

தினமும் அசதிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். 4-ஐத் தொட்டாலே டாக்டருக்குத் தெரிய வேண்டும். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள், உடனே போங்கள். போகும்போது கணவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய், அவர் முன்னாலேயே அந்த நோட்டை டாக்டரிடம் நீட்டுங்கள். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று டாக்டர் சொன்னால், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தாயிற்றா என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.